உவர்க்கோமானின் நாற்காலி

உத்திராபதி அண்ணனை நான் முதன்முதலில் பார்த்தது என் பேனருக்காகப் போனபோது. எங்கள் வகையறாவில் கல்லூரிக்குப் போய்ப் பட்டத்தோடு திரும்பிய முதல் ஆள் நான். அதை அடக்கத்துக்காக மறைத்துப் பேச எனக்கு வராது. அப்பாவுக்கு என்னைவிடப் பெருமை. கீரப்பாளையம் பஸ் நிறுத்தத்தில், வேப்பமரத்துக்கும் மின்கம்பத்துக்கும் நடுவில், என் முகம் தொங்கியே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். சிதம்பரம் தெற்கு வீதியிலிருந்து பிரியும் சந்தில் ஒரு டிஜிட்டல் பேனர் கடை இருக்கிறது, போய் அடித்துக்கொண்டு வா என்று அனுப்பினார்.

கடைக்குள் மை வாடை. பெரிய அச்சு இயந்திரம் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் ஒரு நிற்கும் ஃபேன், மை காய்வதற்காக முழு வேகத்தில் சுற்றியது. முதுகு உடைந்த சக்கர நாற்காலியில், நெற்றியில் திருநீறோடு உட்கார்ந்திருந்தவர் திரும்பாமலே கேட்டார்.

"என்னா விசேஷம்? காதுகுத்தா, கல்யாணமா?"

"டிகிரிண்ணே."

இப்போது திரும்பினார். "முழுசா பாஸா? அரியர் கிரியர் இருந்துச்சுன்னா இப்பவே சொல்லிடு. போன மாசம் ஒருத்தனுக்கு 'பட்டதாரியே வருக'ன்னு அடிச்சுக் குடுத்தேன். ரெண்டு பேப்பர் பாக்கியாம். ஊரே கைகொட்டி சிரிச்சுது."

"முதல் வகுப்புண்ணே. பி.எஸ்ஸி. இயற்பியல்."

"அப்ப சிம்மாசனத்துல ஒக்கார வச்சிட வேண்டியதுதான்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். கால் மணி நேரத்தில் கருப்பு அங்கி போட்ட என்னைத் திரையில் ஓர் அரியணை மேல் உட்காரவைத்துவிட்டார். மற்ற பேனர்களில் வரும் தங்கச் சிங்கம் போட்ட நாற்காலி அல்ல அது. பிச்சாவரத்துச் சுரபுன்னை மரங்களின் வேர்கள் தண்ணீருக்குள்ளிருந்து கிளம்பி ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு ஆசனமாகியிருந்தன. கைப்பிடிகளில் இரண்டு நண்டுகள்.

"இது எங்கேர்ந்துண்ணே டவுன்லோடு பண்ணீங்க?"

"எங்கேர்ந்தும் இல்ல. நானே வரஞ்சது. அலையாத்தி நாட்டு அரியணை." கொஞ்சம் தயங்கினார். "ஞாயித்துக்கெழம மத்தியானம் சும்மா இருப்பியா?"

அப்படித்தான் போனேன். அதன்பிறகு மூன்று வருடம் ஞாயிறு மதியம் எனக்கு வேறு வேலையே இருந்ததில்லை.

உத்திராபதி பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தியவர். அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். கையால் போர்டு எழுதும் ஓர் ஓவியரிடம் சேர்ந்து, அந்தத் தொழில் கணினிக்கு மாறியபோது தானும் மாறிக்கொண்டு, சொந்தக் கடை போட்டவர். பேனர் அச்சாகிவரும் நேரங்களில் சும்மா உட்கார்ந்திருப்பாராம். அப்படி ஒருநாள் கைபேசியில், வெளிநாட்டில் நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டிக் கதை சொல்லி விளையாடுவதைப் பார்த்திருக்கிறார். அவர்கள் பேசியது பாதி புரியவில்லை. புரிந்த பாதியை வைத்துத் தனக்கென்று ஓர் ஆட்டம் செய்துகொண்டார்.

ஆட்டம் இவ்வளவுதான். ஒருவர் கதைசொல்லி. நாட்டையும் பகைவர்களையும் அவர் நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "நான் மதிலில் ஏறுகிறேன்" என்று சொன்னால், ஏறினோமா விழுந்தோமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்; பெரிய எண் விழுந்தால் ஜெயம். அவ்வளவுதான் என்று எழுதுகிறேன். ஆனால் அவர் வாயைத் திறந்தால் அந்த மை வாடைக்குள் உப்பங்கழி நாறும்.

அலையாத்தி நாடு அவர் கற்பனை. நல்ல அரசன் ஒருவன் ஆண்டான். அவனுடைய சேனாதிபதி உவர்க்கோமான். அறுவடைக்கு முந்தைய நாள் கடலைத் தடுத்து நின்ற கரையை உடைத்து, கதிர் முற்றி நின்ற வயல்களுக்குள் உப்புத் தண்ணீரைப் பாய்ச்சினான். சனங்கள் வயலைக் காப்பாற்ற ஓட, காவலில்லாத அரண்மனையில் தூங்கிக்கொண்டிருந்த அரசனைக் குத்திவிட்டு வேர் அரியணையில் உட்கார்ந்துகொண்டான். நான் வயல்காட்டுப் பிள்ளை. அரசனைக் குத்தியதைக்கூட மறந்துவிடுவேன். கதிர் முற்றிய வயலில் உப்புத் தண்ணீரை விட்டவனை மன்னிக்க எனக்கு மனம் வந்ததில்லை.

எங்கள் மேசையில் நான்கு பேர். இலக்கியா மருந்துக்கடையில் வேலை செய்பவள். கொல்லப்பட்ட அரசனின் மகள் பூவிழியாக வருவாள். சார்லஸ் ஆட்டோ ஓட்டுகிறவன். ஆட்டத்தில் முதலைகளோடு பேசத் தெரிந்த படகோட்டி. நான் மதகுக் காவலன். இளவரசியின் மெய்க்காவலன் எழிலன். நிஜத்தில் அவன் உத்திராபதியின் மனைவி இளமதியின் தம்பி. வேலை தேடிக்கொண்டிருந்தவனுக்குக் கடையில் இடம் கொடுத்து, கணினியில் படம் செய்யக் கற்றுக்கொடுத்து, பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டவர் உத்திராபதிதான்.

உவர்க்கோமானாக உத்திராபதியே பேசுவார். அதைப் பார்க்கவேண்டும். வாரம் முழுவதும் அந்த மனிதர் வாயில் "சரிங்க" தவிர வேறு வார்த்தை வராது. "எங்க தலைவர் மூஞ்சி இன்னும் பெருசா வேணும்." சரிங்க. "எங்க மச்சான் மூஞ்சி அவன் மூஞ்சிக்கு மேல வரணும், கீழ வந்துச்சுன்னா வாங்க மாட்டேன்." சரிங்க. நாள் பூராவும் அடுத்தவன் முகத்தைப் பெரிதாக்குகிற வேலை. ஞாயிறன்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உடைந்த நாற்காலியில் சாய்ந்தால் குரல் அடிவயிற்றிலிருந்து வரும். "என் அரியணையில் ஒட்டியிருப்பது ரத்தம் என்கிறாய். துடைத்துவிட்டு உட்காரத் தெரிந்தவன்தான் அரசன்." சார்லஸ் கையில் வைத்த பஜ்ஜியைத் தின்ன மறந்துபோவான்.

மேசைக்கு அவர் வைத்த சட்டங்கள் குறைவு. அதில் இரண்டு முக்கியம். ஒன்று, கதை முடியும்போது யார் அரியணையில் உட்கார்கிறார்களோ அவர்தான் அடுத்து கதைசொல்லி. நாடும் வரைபடமும் பகடையும் அவருக்குப் போய்விடும். இரண்டாவது, எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர் யாருக்கும் விளக்கத் தேவையில்லாதது. பாத்திரம் சத்தியம் செய்தால் ஆட்டக்காரர் உண்மையாகவே எரிகிற சூடத்தைக் கையால் அணைக்கவேண்டும். வீட்டுச் சாமித் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருந்தார்.

"சூடம் அணைச்சு சொன்ன வார்த்தைய பகடையும் மாத்த முடியாது, கதை சொல்றவனும் மாத்த முடியாது. அதுக்கு மேல கோர்ட்டு கெடையாது" என்பார்.

ஐப்பசி மழையில் ஒரு ஞாயிறு. பூவிழியை அரியணையில் அமர்த்தும்வரை ஓயமாட்டோம் என்று எங்கள் பாத்திரங்கள் உறுதி எடுக்கிற இடம் வந்தது. தட்டில் சூடம் கொளுத்தினார். சார்லஸ் மாதாவை வேண்டிக்கொண்டு உள்ளங்கையால் அமுக்கினான். அடுத்து நான். மூன்றாவதாக எழிலன். டப்பாவில் கடைசிச் சூடம் அது. எழிலன் கையை நீட்டினான். ஈரத்துக்கு மை காயவில்லை என்று பேனர்களை மேசையோரம் தொங்கவிட்டு, ஃபேனை அன்று அந்தப் பக்கம் திருப்பி வைத்திருந்தோம். அவன் கை இறங்குவதற்குள் காற்றில் சுடர் போய்விட்டது.

"பார்றா, ஃபேனே சத்தியம் பண்ணிடுச்சு!" என்றான் சார்லஸ். எல்லோரும் சிரித்தோம்.

"தெருமுனைக் கடையில சூடம் வாங்கியாரட்டுமா மாமா?" என்று எழிலன் எழுந்தான்.

"மழையில எங்கடா போற? கத சூட்டுல இருக்கு. அணஞ்சுதில்ல, வுடு. சத்தியம்தான்" என்றார் உத்திராபதி.

கதை ஓடியது. யாரும் அதை அதற்குப்பிறகு நினைக்கவில்லை என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தத் தீபாவளி முடிந்தபிறகு ராஜ்கமல் என்பவர் வந்தார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் ஆட்டங்களுக்கென்றே ஓர் இடம் திறந்திருந்தார். இலக்கியாவின் தோழி ஒருத்தி மூலமாகக் கேள்விப்பட்டு, ஒரு ஞாயிறு முழுக்க ஓரமாக உட்கார்ந்து பார்த்தார். முடிந்ததும் உத்திராபதியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், சனிக்கெழம சனிக்கெழம நீங்க வாங்க. நடு டேபிள் ஒங்களுக்கு. பாண்டிச்சேரிலேர்ந்தெல்லாம் ஆள் வரும். வாசல்லயே பேர் போடறேன்."

உத்திராபதியை "சார்" என்று யாரோ கூப்பிட்டதை அன்றுதான் கேட்டேன். அவர் முகம் மலர்ந்ததை இன்னும் மறக்கவில்லை. "இந்தக் கத முடியட்டும் சார். அரையும் குறையுமா வுட்டுட்டு வரக்கூடாது. முடிஞ்சதும் வர்றேன்" என்றார்.

"முடியறப்ப யார் கதைசொல்லியோ அவங்களே வாங்க, எனக்கு நாடு வந்தா சரி" என்று சிரித்தார் ராஜ்கமல். அவருக்கும் சட்டத்தை இவரே சொல்லியிருந்தார், பெருமையாக.

அதில் உத்திராபதிக்கு ஒரு பயமும் இல்லை. அரியணை பூவிழிக்குத்தான் போகும், சத்தியம் இருக்கிறது. இலக்கியாவுக்குக் கதை சொல்வதில் ஆர்வமில்லை. எடுத்துக்கோங்கண்ணே என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள். மஞ்சக்குப்பத்து மேசைக்கென்றே அலையாத்தி நாட்டின் வரைபடத்தைப் புதிதாக அச்சடித்து, சுருட்டி, பரண் மேல் வைத்திருந்தார். கடலூர் போகிற பஸ் எதைப் பார்த்தாலும் "சனிக்கெழம கூட்டம் ஜாஸ்தி இருக்குமாடா?" என்று என்னிடம் கேட்பார். அவர் வாழ்க்கையில் தனக்கென்று ஆசைப்பட்டு நான் பார்த்தது அந்த நடுமேசை ஒன்றைத்தான்.

ஆனால் கதை முடியவில்லை. முடிக்க அவருக்கு மனமில்லை. அரண்மனையைச் சூழ்ந்தால் உவர்க்கோமான் சுரங்கத்தில் போய்விடுவான். சுரங்கத்தை அடைத்தால், கொன்றது அவனைப்போலவே இருந்த இன்னொருவனை என்று தெரியவரும். ஒருமுறை டீக்கடையில் கேட்டேன். "அவன் செத்துட்டா அந்தக் கொரலு போயிடும்டா தில்லை" என்றார். என் பெயர் தில்லைநாதன். "மஞ்சக்குப்பத்துல மொதல்லேர்ந்து ஆரம்பிப்பீங்கல்ல?" என்றேன். "ஆமா, ஆனாலும்" என்று டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

மற்றவர்கள் சலித்துப்போயிருந்தார்கள். அது தெரிந்தது. சலிப்பு எங்கே போய்க்கொண்டிருந்தது என்பது தெரியவில்லை.

தை மாதம், பொங்கல் பேனர் வேலையெல்லாம் ஓய்ந்த ஞாயிறு. அன்று எழிலன் அசாத்தியமாக ஆடினான். உவர்க்கோமானின் ஒவ்வொரு வழியையும் ஒவ்வொருவராக அடைத்தோம். ஆற்றுவழியில் சார்லஸின் முதலைகள். சுரங்கத்தில் தண்ணீர் நிரம்ப மதகைத் திறந்தது நான். அதற்கு நான் சந்தோஷப்பட்டு மேசையைத் தட்டினேன். கடைசியில் அரியணை மண்டபத்தில் எழிலன் பகடையை உருட்டினான். இருபது விழுந்தது.

உத்திராபதி குனிந்து பகடையைச் சரிபார்த்தார். பிறகு நேர்மையாக, அழகாக, உவர்க்கோமானைச் சாகடித்தார். "வேர்களுக்கு உப்பு போதும்" என்று சொல்லிவிட்டுத்தான் அந்தப் பாவி செத்தான். நாங்கள் கைதட்டினோம்.

"சரி. பூவிழி வந்து ஒக்கார்றா" என்றார் உத்திராபதி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"இல்ல மாமா. நான் ஒக்கார்றேன்."

"எங்க?"

"அரியணையில. மெய்க்காவலன் ஒக்கார்றான்."

உத்திராபதி சிரித்தார். "டேய், சத்தியம் பண்ணியிருக்கடா."

"நான் அணைக்கல மாமா. ஃபேன் அணைச்சுது. நீங்க பாத்துக்கிட்டுதான் இருந்தீங்க." எழிலன் குரலில் சண்டை இல்லை. நன்றாக யோசித்து வைத்திருந்ததைச் சொல்கிற குரல். "நான் சூடம் வாங்கியாரேன்னேன். நீங்கதான் வேணாம்னீங்க."

 நான்தான் கத்தினேன். "என்னாடா இது? அவரு சத்தியம்தான்னு சொல்லிட்டாரு. அப்புறம் என்னா?"

"சூடம் அணைச்ச வார்த்தைய கதை சொல்றவனும் மாத்த முடியாது. அணைக்காதத மட்டும் சத்தியம்னு அவரு மாத்தலாமா? மாமா, நீங்க சொல்லுங்க. ஒங்க சட்டம்தான்."

உத்திராபதி இலக்கியா பக்கம் திரும்பினார். "பூவிழி என்னா பண்றா?"

இளவரசி ஒரு வார்த்தை எதிர்த்தால் போதும். சண்டை வரும், பகடை உருளும். இலக்கியா துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "விட்டுக்குடுத்துடறாண்ணே."

"படகோட்டி?"

"நான் படகுலதாண்ணே இருக்கேன்" என்றான் சார்லஸ். "அரண்மனை விவகாரம் எனக்கெதுக்கு?"

"மதகுக்காரன் எதிர்க்கிறான்" என்று நான் பகடையைப் பிடுங்கி உருட்டினேன். மூன்று விழுந்தது. எழிலன் உருட்டவே தேவைப்படவில்லை.

"எப்ப பேசிக்கிட்டீங்க?" என்றார் உத்திராபதி. அவர் பார்வை இலக்கியாவிடமே இருந்தது.

"தீபாவளிக்கு அப்புறம்ண்ணே. ராஜ்கமல் சார் வந்துட்டுப் போனாரில்ல, அப்போ." அவள் அழத் தொடங்கியிருந்தாள்.

"தில்லைக்கும் தெரியுமா?"

"அவங்கிட்ட சொன்னா ஒங்ககிட்ட வந்து ஒப்பிச்சிடுவான்னு சொல்லல."

வாரா வாரம் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் தட்டிலிருந்து முறுக்கை எடுத்துத் தின்றுகொண்டு, மூன்று பேரும் இதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார்கள். சுரங்கத்தை அடைக்க மதகைத் திறடா என்று அன்று எனக்கு யோசனை சொன்னதும் எழிலன்தான்.

"மூணு வருஷம் மாமா" என்றான் எழிலன். "ஒவ்வொரு தடவையும் அவன் தப்பிச்சுக்கிட்டே இருக்கான். நீங்க முடிக்கவும் மாட்டீங்க, கடலூர் போகவும் மாட்டீங்க. நாங்க எத்தன நாளைக்கு இந்த சந்துக்குள்ளயே கெடக்கறது?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா."

"குடுத்திருக்க மாட்டீங்க. ஒங்களுக்கே தெரியும்."

 அவன் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் இப்போதும் நினைக்கிறேன், கேட்டிருக்கலாம். கேட்டு, இல்லையென்ற பிறகு செய்திருக்கலாம்.

கதைசொல்லி நினைத்தால் எதையும் செய்யலாம். செத்தவன் மறுபடியும் எழுந்தான் என்று ஒரு வரி போதும். ஊர் முழுக்க எவன் எவனோ சொன்னபடியெல்லாம் முகத்தை ஏற்றி இறக்கிய மனிதர், தான் வைத்த சட்டத்தை மட்டும் மாற்றவில்லை. எழுந்து நின்று கதைசொல்லிக் குரலில் சொன்னார்: "அலையாத்தி நாட்டு வேர் அரியணையில் மெய்க்காவலன் அமர்ந்தான். தடுப்பார் இல்லை. கதை முடிந்தது." உடைந்த நாற்காலியை எழிலன் பக்கம் உருட்டிவிட்டார். பகடையை அவன் கையில் வைத்தார். ஏணி போட்டு ஏறி, பரண் மேலிருந்த புது வரைபடத்தையும் இறக்கிக் கொடுத்தார்.

தட்டை எழிலன் எடுக்கப் போனபோது மட்டும் கையை நீட்டித் தடுத்தார். "அது நாட்டுச் சொத்து இல்ல. எங்க ஊட்டு சாமித் தட்டு."

எழிலன் கடையிலிருந்தும் நின்றுகொண்டான். இளமதி அக்கா நடுவில் மாட்டிக்கொண்டார். ஒருநாள் மதியச் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு என் எதிரிலேயே கேட்டார். "வெளயாட்டுக்குப் போயி யாராவது மூஞ்சத் தூக்கி வச்சிக்குவாங்களா? நம்ம தம்பிதான, நல்லாருக்கட்டும்னு வுடுங்க."

"வெளயாட்டுதான். நான் என்னா சொன்னேன்?" என்று சாப்பாட்டைப் பிசைந்தார்.

மாசியில் எழிலன் கடைக்கு வந்தான், வாடிக்கையாளனாக. மஞ்சக்குப்பத்துத் தொடக்க நாளுக்குப் பேனர் வேண்டும். வேறு கடையில் அடித்திருக்கலாம். அக்கா மனம் நோகும் என்று வந்தானோ, வேர் அரியணைப் படம் இந்தக் கணினியில்தான் இருக்கிறது என்று வந்தானோ, தெரியாது. உத்திராபதி "ஒக்காரு" என்றார். எல்லோருக்கும் செய்வதுபோல் அரியணையை நடுவில் வைத்தார். அதில் எழிலன் முகத்தை ஏற்றினார். அவன் வாட்சப்பில் அனுப்பிய வாசகத்தை எடுத்துப் போட்டார். அலையாத்தி நாடு. கதையும் ஆக்கமும்: எழிலன்.

திரையை அவன் பக்கம் திருப்பினார். "மேட்டர் சரியா இருக்கா பாத்துக்க. அச்சாயிடுச்சுன்னா அப்புறம் மாத்த முடியாது."

எந்த வாடிக்கையாளரிடமும் சொல்கிற வாக்கியம்தான். நான் எழிலன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் மேலிருந்து கீழ்வரை படித்தான்.

"சரியா இருக்கு மாமா."

"சரிங்க" என்றார் உத்திராபதி. இயந்திரம் ஓடத் தொடங்கியது.

நான் ஒரே ஒரு சனிக்கிழமை மஞ்சக்குப்பம் போனேன். நடுமேசையைச் சுற்றி நெருக்கிக்கொண்டு எட்டுப் பேர். கதை முதலிலிருந்து ஆரம்பித்திருந்தது. உவர்க்கோமான் கரையை உடைத்துக்கொண்டிருந்தான். எழிலன் நன்றாகவே சொன்னான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இலக்கியா கை காட்டிக் கூப்பிட்டாள். உட்காராமல் பஸ் ஏறிவிட்டேன்.

திங்கட்கிழமை கடைக்குப் போனபோது உத்திராபதி பேனர் ஓரத்தை மடித்து ஒட்டிக்கொண்டிருந்தார். நான் போய்வந்தது எப்படியோ தெரிந்திருக்கிறது.

"உவர்க்கோமானுக்கு கொரலு எப்டி வச்சிருக்கான்?"

"ஒங்க கொரலுதாண்ணே. அப்டியே."

தலையை ஆட்டிக்கொண்டார். "மொத சட்டத்த மாத்தியிருப்பானே? அரியணைல ஒக்கார்றவன்தான் கதைசொல்லிங்கறத?"

மாற்றியிருந்தான். வாசலில் ஒட்டியிருந்த விதிகளில் அது இல்லை. சொன்னேன்.

"புத்திசாலி" என்றார். ஒட்டிய ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

உத்திராபதிக்கு இப்போது நாற்பது நெருங்குகிறது. சிதம்பரத்தில் அதே சந்தில் அதே கடையை நடத்துகிறார். எழிலனைக் குடும்ப விசேஷங்களில் பார்த்தால் சாப்பிட்டாயா என்று கேட்பார்; அதற்கு மேல் பேச்சில்லை. வேர் அரியணையை இப்போது எந்தப் பேனரிலும் போடுவதில்லை. கேட்பவர்களுக்குச் சிங்கம் போட்டுக்கொடுக்கிறார். சாமித் தட்டு வீட்டு பூஜை அறைக்குத் திரும்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை.